யாருக்குக் காட்டும் கணக்கு?

ஆண்டுக்கொரு முறை மருத்துவப் பல்கலைக்கழகங்கள் ஆய்வரங்கு நடத்துகின்றன. உயிர்மருத்துவம், சமூக மருத்துவம், செவிலியம், பல் மருத்துவம் எனத் துறைவாரியாக அமர்வுகள் பிரிக்கப்படும். முதுநிலை மாணவர்கள் தங்கள் உழைப்பு முழுவதையும் ஒரு சுவரொட்டியில் அடக்கி, அதனருகே நின்றபடி நடுவர்களின் வருகைக்குக் காத்திருப்பார்கள். வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் சிறப்புரை ஆற்றுவார். ஆய்வுச் சுருக்கங்கள் தொகுக்கப்பட்டு நூலாகும். மாலையில் பரிசளிப்பு, குழுப்படம், நன்றியுரை. சென்னையைச் சுற்றி, குறிப்பாகக் காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில், மருத்துவக் கல்லூரிகளும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் பெருகிவிட்ட பிறகு இத்தகைய அரங்குகளும் பெருகிவிட்டன.

இதைக் கேலி செய்வது நம் நோக்கமன்று. ஓர் இளம் ஆய்வாளர் தம் முடிவுகளைப் பிறர் முன் வைத்துக் கேள்விகளுக்கு முகங்கொடுப்பது அறிவுத்துறையின் அடிப்படையான ஒழுக்கம். சாராம்சத்தில் ஆய்வரங்கு என்பது ஓர் ஆண்டுக் கணக்கு. இவ்வளவு பணம் செலவழித்தோம், இத்தனை பேரைப் பரிசோதித்தோம், இதைக் கண்டறிந்தோம் என்று அறிவுலகத்துக்கு ஒப்புவிக்கும் கணக்கு. நம் கேள்வி ஒன்றே ஒன்றுதான். இந்தக் கணக்கு யாருக்குக் காட்டப்படுகிறது?

மருத்துவக் கல்லூரி ஒவ்வொன்றும் கிராமப்புறச் சுகாதாரப் பயிற்சி மையம் ஒன்றை வைத்திருக்க வேண்டும் என்பது விதி. முதுநிலை மாணவர் ஒவ்வொருவரும் ஆய்வேடு எழுத வேண்டும் என்பது மற்றொரு விதி. 2022 முதல் இளநிலை மாணவர்களும் கிராமக் குடும்பங்களைத் 'தத்தெடுத்து'ப் படிப்புக் காலம் முழுவதும் தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் பணித்திருக்கிறது. எனவே உத்திரமேரூர் வட்டத்தைப் போன்ற பகுதிகளில் வீட்டு வாசலுக்கு யாரோ வந்து இரத்த அழுத்தம் பார்ப்பதும், விரலில் குத்தி ஒரு துளி எடுப்பதும், நீண்ட வினாத்தாளை நிரப்புவதும் மக்களுக்குப் பழகிப்போன காட்சிகள். அந்தத் துளியும் அந்த விடைகளும் ஆய்வரங்கின் சுவரொட்டியில் விழுக்காடுகளாக மாறுகின்றன. விழுக்காடுகள் ஊருக்குத் திரும்பி வருவதில்லை. எண்ணிக்கைக்கு உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் அந்த எண்ணிக்கை தெரிவதில்லை.

பல்கலைக்கழகத்தின் ஆண்டு ஆய்வரங்கில் ஒரு நாளேனும் ஆய்வு நடந்த ஊரில், ஊரார் முன்னிலையில், தமிழில் நடைபெற வேண்டும் என்பதே இக்கட்டுரை சொல்ல விழைவது. அப்படிக் கணக்கு ஒப்புவிக்காதவர்களுக்கு அந்த ஊரில் அடுத்த ஆய்வு நடத்தும் உரிமை இருக்கக் கூடாது. இது புதுமையான யோசனையும் அன்று. இதன் சாரம் உத்திரமேரூரின் கோயில் சுவரில் ஆயிரத்து நூறு ஆண்டுகளாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது.

*

முதலில் இந்த மண் மருத்துவ ஆராய்ச்சிக்கு எவ்வளவு கொடுத்திருக்கிறது என்பதை நினைவுகூர வேண்டும்.

1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உலக சுகாதார நிறுவனமும் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை மாகாண அரசும் சேர்ந்து சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் அதன் முதல் ஆய்வை வழிநடத்தினார். அன்றைக்குக் காசநோய் என்றால் சானடோரியம். நல்ல காற்று, நல்ல உணவு, மாதக்கணக்கில் படுக்கை ஓய்வு. இவை எதற்கும் வழியில்லாத நகரத்து ஏழைகளுக்கு வீட்டிலேயே மாத்திரை கொடுத்தால் போதாதா என்பது கேள்வி. 193 நோயாளிகள் இரண்டு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவு சானடோரியத்தில், மற்றொன்று நெருக்கடியான வீடுகளில். ஓராண்டு சிகிச்சைக்குப் பின் இரு பிரிவினரின் முன்னேற்றமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. வீட்டில் உடனிருந்தவர்களுக்கு அதனால் கூடுதல் ஆபத்தும் நேரவில்லை. 1959இல் வெளியான இந்த முடிவு உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையின் திசையை மாற்றியது. சானடோரியங்களின் காலம் முடிவுக்கு வந்ததில் சென்னையின் பெயர் தெரியாத அந்த 193 பேருக்குப் பெரும் பங்குண்டு.

அடுத்தது இன்னும் பெரியது. 1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் பி.சி.ஜி. தடுப்பூசியின் ஆற்றலைச் சோதிக்கும் ஆய்வு தொடங்கியது. இன்றைய காஞ்சிபுரம், திருவள்ளூர், செங்கல்பட்டு மாவட்டங்கள் அனைத்தும் அன்று அந்த ஒரே மாவட்டம். 3,66,625 பேர் பதிவு செய்யப்பட்டார்கள். அவர்களில் 2,81,161 பேருக்குத் தடுப்பூசியோ அல்லது தடுப்பூசியைப் போலவே தோன்றும் வெறும் நீர்மமோ செலுத்தப்பட்டது. யாருக்கு எது என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. பதினைந்து ஆண்டுகள் எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை எனத் தொடர்ந்து கண்காணித்தார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் அந்தத் தடுப்பூசி அங்கே பயன் தரவில்லை, குழந்தைகளுக்குக் கிடைத்த பாதுகாப்பும் குறைவே என்பது முடிவு. முதற்கட்ட முடிவு 1970களின் இறுதியில் வெளிவந்தபோது மருத்துவ உலகம் அதிர்ந்தது. பதினைந்தாண்டு முடிவுகள் 1999இல் வெளியாயின. மூளைக்காய்ச்சல் வடிவிலும் உடலெங்கும் பரவும் வடிவிலும் வரும் கடுமையான காசநோயிலிருந்து பச்சிளங்குழந்தைகளைப் பி.சி.ஜி. காப்பதால் பிறந்தவுடன் போடும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. ஆனால் பெரியவர்களைப் பொறுத்தவரை செங்கல்பட்டு எழுப்பிய கேள்வி இன்னும் ஓயவில்லை. 2024இல் இந்தியாவின் பல மாநிலங்களில் பெரியவர்களுக்குப் பி.சி.ஜி. போட்டுப் பார்க்கும் முயற்சி மீண்டும் தொடங்கியிருக்கிறது.

உலகின் மருத்துவப் பாடநூல்களில் 'சிங்கிள்புட்' என்ற பழைய ஆங்கில உச்சரிப்பு இன்றும் வாழ்வது இந்த ஆய்வினால்தான். தொற்றுநோயியல் படிப்பவர் லண்டனில் இருந்தாலும் கேப் டவுனில் இருந்தாலும் அந்தப் பெயரைக் கடந்துதான் போக வேண்டும். ஆனால் அந்த ஊர்களில் எந்தப் பள்ளிப் பாடத்தில், எந்தப் பஞ்சாயத்துச் சுவரில் இந்த வரலாறு சொல்லப்பட்டிருக்கிறது? தடுப்பூசி பயன் தரவில்லை என்று கண்டறிவதும் அறிவுதான். அதற்காகத் தம் கையை நீட்டியவர்கள் இரண்டே முக்கால் இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். உலக மருத்துவத்துக்கு அவர்கள் அளித்த கொடையைப் பற்றித் தமிழில் ஒரு நல்ல நூல் எழுதப்பட்டிருக்க வேண்டாமா?

*

இனி உத்திரமேரூருக்கு வருவோம். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. கி.பி. 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை. சபையின் வாரியங்களுக்கு உறுப்பினர்களைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கும் விதிகளை அவை விவரிக்கின்றன. மேடைகளில் இதை மக்களாட்சியின் தொட்டில் என்று புகழ்வது நமக்குப் பழகிவிட்டது. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய விழாவில் பிரதமரும் இதைக் குறிப்பிட்டார். பெருமையோடு நின்றுவிடுவதால் அந்த விதிகளின் நுட்பத்தை நாம் கவனிக்கத் தவறுகிறோம்.

ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்கள் தனித்தனி ஓலைகளில் எழுதப்பட்டுக் கட்டாகக் கட்டப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. இளையோரும் முதியோரும் கூடிய சபையின் நடுவே, நம்பிமாரில் மூத்த ஒருவர் குடத்தை எல்லோரும் காணும்படி தூக்கிக் காட்டுவார். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுப்பான். அது பிரிக்கப்பட்டு வேறொரு குடத்தில் இட்டுக் குலுக்கப்படும். அதிலிருந்து அச்சிறுவன் ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தன் கையில் கொடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் அகல விரித்த உள்ளங்கையில்தான் அதை வாங்க வேண்டும். பிறகு உரக்க வாசிக்க வேண்டும். அங்கிருக்கும் நம்பிமார் அனைவரும் அதையே மீண்டும் வாசிக்க வேண்டும்.

ஏன் சிறுவன்? அவனுக்கு யாரிடமும் சார்பில்லை. ஏன் குலுக்க வேண்டும்? வைத்த வரிசை தெரிந்தவரும் எடுப்பதை ஊகிக்க முடியாமற்போக. ஏன் விரித்த விரல்கள்? ஓலையை மாற்ற இடமில்லாமலிருக்க. ஏன் பலர் வாசிக்க வேண்டும்? வாசிப்பவன் பொய் சொல்லாதிருக்க. மனிதரின் நல்ல எண்ணத்தை மட்டும் நம்பாமல், ஏமாற்ற முடியாத முறையை நம்புவது இவ்விதிகளின் அடிநாதம்.

நவீன மருத்துவ ஆய்வின் அடித்தளமும் இதுவே. 1947இல் பிரிட்டனில் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைக் காசநோயாளிகளிடம் சோதித்தபோது, யாருக்கு மருந்து, யாருக்குப் படுக்கை ஓய்வு மட்டும் என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கு விடவில்லை. ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் என்ற புள்ளியியலாளர் அதை முன்கூட்டியே எண்களால் தீர்மானித்து, ஒட்டிய உறைகளுக்குள் மூடிவைத்தார். நோயாளியைச் சேர்த்துக்கொண்ட பிறகே உறை பிரிக்கப்பட்டது. தேறக்கூடியவர் என்று தாம் கருதும் நோயாளிக்குப் புதிய மருந்தைக் கொடுக்கும் சபலத்திலிருந்து மருத்துவரைக் காப்பாற்றியது அந்த உறை. அந்த உறையும் உத்திரமேரூர்க் குடமும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

உடனே சோழர்கள் மருத்துவ ஆய்வுமுறையைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். குடவோலை ஆட்களைத் தேர்ந்தெடுத்தது, மருந்துகளை ஒப்பிடவில்லை. அந்தச் சபையும் எல்லோருக்கும் உரியதாக இருக்கவில்லை. அது பிரமதேய ஊர். நிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் பயிற்சியும் உடைய ஆண்களின் பெயர்களே ஓலையில் ஏறின. பெண்களும் உழைக்கும் சாதிகளும் குடத்துக்கு வெளியே இருந்தார்கள். இதை மறைத்துக்கொண்டு பெருமை பேசுவது வரலாற்றுக்குச் செய்யும் துரோகம். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தச் சபையின் சமூகத்தை அன்று. அதன் முறைமையை மட்டும்.

அந்த முறைமையில் நம் காலத்துக்கு மிகவும் தேவையான விதி வேறொன்று. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமற்போனவர் பெயரை ஓலையில் எழுதக் கூடாது. அவர் மட்டுமன்று, அவருடைய நெருங்கிய உறவினர்களும் தகுதியிழப்பார்கள். திருடினார் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. கணக்குக் காட்டவில்லை என்பதே போதும். ஊர்ப் பொதுவிலிருந்து எடுத்ததற்குக் கணக்கு ஒப்புவிக்காதவருக்கு மறுபடியும் ஊர்ப் பொதுவில் கைவைக்கும் உரிமை இல்லை. இரத்தத் துளியும் ஊர்ப் பொது அல்லவா?

*

உத்திரமேரூரிலிருந்து அதிக தூரமில்லாத திருமுக்கூடலுக்கும் ஒருமுறை போய்வர வேண்டும். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடம். அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பதினொன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. கோயிலைச் சார்ந்து நடந்த கல்விச்சாலையையும் மாணவர் விடுதியையும் வீரசோழன் என்ற பெயர் கொண்ட ஆதுலசாலையையும் அது விவரிக்கிறது. பதினைந்து படுக்கைகள். ஒரு வைத்தியர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகையும் விறகும் கொணர்ந்து மருந்து காய்ச்ச இருவர், நோயாளரைப் பேணும் பெண்கள் இருவர், நாவிதர் ஒருவர், தண்ணீர் கொணர்பவர் ஒருவர். ஒவ்வொருவருக்கும் உரிய ஊதியமும் இருப்பில் வைத்திருக்க வேண்டிய இருபது அளவிலான மருந்துகளின் பெயர்களும் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. தைலங்கள், நெய்கள், கடுக்காய் சேர்ந்த லேகியங்கள் என்று பட்டியல் நீள்கிறது.

அந்த மருத்துவமனையும் ஊர் முழுவதற்கும் திறந்திருக்கவில்லை. மாணவர்களுக்கும் கோயிற் பணியாளர்களுக்குமே உரியதாக இருந்தது. இருந்தும் நம்மை வியக்க வைப்பது வேறு. மருத்துவமனையின் வரவு செலவும் ஆள்பலமும் மருந்திருப்பும் அலுவலகப் பெட்டிக்குள் பூட்டப்படவில்லை. போகிறவர் வருகிறவர் கண்ணில் படும் சுவரில் எழுதப்பட்டன. இன்ன மருந்து இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கும் சுவர் முன் நின்று, ஏன் இல்லை என்று கேட்க முடியும். எழுத்தறிந்தவர் சிலரே இருந்த காலத்திலேயே அப்படி. எழுத்தறிவு பரவிவிட்ட இன்று நம் கல்வெட்டுகள் ஆங்கிலத்தில், கட்டணம் கட்டினால் திறக்கும் ஆய்விதழ்களில் வெட்டப்படுகின்றன.

*

இலக்கியம் பேசும் நமக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். மொழியில்தான் இந்தச் சிக்கலின் முதல் முடிச்சு இருக்கிறது.

ஆய்வில் பங்கேற்பவரிடம் அவருக்குப் புரியும் மொழியில் விளக்கி ஒப்புதல் பெற வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகளின் அடிப்படைகளுள் ஒன்று. எனவே தமிழில் படிவம் தயாரிக்கிறார்கள். அந்தத் தமிழைப் படித்துப் பாருங்கள். மருந்துச் சத்து இல்லாத ஒப்பீட்டு மாத்திரைக்குப் 'போலி மருந்து' என்று எழுதிவிடுகிறார்கள். போலி மருந்து என்றால் நம் செய்தித்தாள்களில் கைதும் ஆலைக்குச் சீல் வைப்பதும்தான். "உங்களுக்குப் போலி மருந்து தரப்படலாம்" என்ற வரிக்குக் கீழே ஒரு மூதாட்டி கைநாட்டு வைத்தால் அவர் எதற்கு ஒப்புக்கொண்டார்? 'மருந்துப்போலி' என்ற நல்ல சொல் கலைச்சொல்லாக்கத்தில் ஏற்கெனவே உண்டு. சொற்களின் வரிசையை மாற்றினாலே பொருள் நேராகிவிடுகிறது. 'எதிர்மறை முடிவு' என்பது இன்னொன்று. நோய் இல்லை என்ற நற்செய்தி கேட்பவர் காதில் கெட்ட செய்தியாக விழுகிறது. கொரோனா காலத்துக்குப் பிறகு 'நெகட்டிவ்' என்ற சொல்லைச் சொன்னாலே ஊரில் சரியாகப் புரிந்துகொள்கிறார்கள்.

மருந்தையும் மருந்துப்போலியையும் சார்பின்றிப் பிரித்துக் கொடுப்பதைக் குறிக்க 'சமவாய்ப்பு', 'எழுமாற்று' என்று சொற்கள் உண்டு. கற்றவர்க்கு அவை போதும். உத்திரமேரூர்க்காரரிடம் பேசும்போது குடவோலை என்று சொல்லலாமே. யாருக்கு எது என்று மருத்துவரும் தீர்மானிப்பதில்லை, நீங்களும் தீர்மானிப்பதில்லை, உள்ளே இருப்பதை அறியாத சிறுவன் எடுக்கும் ஓலையைப் போல அது அமையும் என்றால் புரியாதவர் யார்? மொழிபெயர்ப்பு என்பது அகராதியில் சொல் தேடுவதன்று. கேட்பவரின் அனுபவத்தில் அதற்கு இணையானது எது என்று தேடுவது. இதை நன்கறிந்தவர்கள் எழுத்தாளர்களும் மொழிபெயர்ப்பாளர்களும்தான். ஆனால் எந்த ஒப்புதல் படிவத்துக்கும் அவர்களை யாரும் அழைப்பதில்லை. அவர்களும் அதைத் தம் வேலையாகக் கருதுவதில்லை.

தமிழில் மருத்துவம் பேச முடியுமா என்ற ஐயத்துக்கு விடை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்துவிட்டது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மானிப்பாயில் மாணவர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். உடற்கூறு, அறுவை, பிரசவம், வேதியியல் ஆகியவற்றின் நூல்களைத் தம் மாணவர்களோடு சேர்ந்து தமிழில் கொண்டுவந்தார். படித்தவர்கள் நகரத்துக்கு ஓடிவிடாமல் ஊர் மக்களிடையே பணிபுரிய வேண்டும் என்பது அவர் விருப்பம். அறிவின் மொழியும் அறிவு போய்ச்சேர வேண்டிய இடமும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்று கண்டவர் அவர்.

*

புரியாத ஒப்புதலின் விலை என்ன என்பதற்கு அண்டை மாநிலத்திலிருந்தே எடுத்துக்காட்டு உண்டு. 2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியைச் சிறுமிகளுக்குப் போட்டுப் பார்க்கும் திட்டம் நடந்தது. எதிர்ப்புகளைத் தொடர்ந்து 2010இல் நிறுத்தப்பட்டது. பெற்றோரின் ஒப்புதலுக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களும் தலைமையாசிரியர்களும் கையொப்பமிட்ட படிவங்கள் பல இருந்தன என்பது பின்னர் வெளிப்பட்டது. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு இத்திட்டத்தைக் கடுமையாக விமர்சித்தது. அந்தத் தடுப்பூசியின் பயன் பல நாடுகளில் உறுதிப்பட்டது. கெட்டது மருந்தன்று, நம்பிக்கை. ஒருமுறை நம்பிக்கையைக் கெடுத்துவிட்டால் நல்ல மருந்தும் சந்தேகப் பொருளாகிவிடுகிறது. அந்த இழப்பையும் அதே சிறுமிகள்தாம் சுமக்கிறார்கள்.

சட்டங்கள் இல்லாமலில்லை. 2009 ஜூன் முதல் நாட்டில் நடக்கும் மருந்தாய்வுகளை அதற்கான தேசியப் பதிவேட்டில் பதிவதை அரசு கட்டாயமாக்கியது. ஒவ்வோர் ஆய்வுக்கும் அறிவியல் தலைப்பு, பொதுமக்களுக்கான தலைப்பு என்று அதில் இரண்டு கட்டங்கள் உண்டு. பொதுமக்களுக்கான தலைப்பும் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. 2019இல் புதிய மருந்தாய்வு விதிகள் வந்தன. ஒவ்வொரு நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவிலும் மருத்துவம் சாராத பொதுமனிதர் ஒருவர் இருக்க வேண்டும். ஆய்வாளர்களின் உலகப் பிரகடனமான ஹெல்சிங்கி ஆவணம் 1964இல் எழுதப்பட்டது. 2024இல் திருத்தப்பட்டபோது, ஆய்வுக்கு 'உட்படுவோர்' என்ற பொருள்தரும் சொல்லை நீக்கிப் 'பங்கேற்போர்' என்று மாற்றினார்கள். அழகான மாற்றம். ஆனால் விழாவில் பங்கேற்றவரை விருந்துக்கு அழைக்காமல் விடுவதுண்டா? ஒப்புதல் பெறும் நாளில் காட்டும் அக்கறை முடிவு தெரியும் நாளில் காணாமற்போகிறது. விதிகளின் கவனம் ஆய்வின் வாசலில்தான் அதிகம் இருக்கிறது; ஆய்வு முடிந்து வெளியேறும் பின்வாசலில் யாருமில்லை.

*

ஆய்வரங்கு ஊருக்கு வந்தால் இன்னொரு நன்மையும் உண்டு. ஊரும் கேள்வி கேட்கும். இன்று எதை ஆராய்வது என்பதைத் தீர்மானிப்பவர் வழிகாட்டிப் பேராசிரியர். ஆய்வுக்கான கால அளவும் கைக்கெட்டும் வினாத்தாளும் தலைப்பைத் தீர்மானிக்கின்றன. அதனால் அறிவு, மனப்பான்மை, நடைமுறை என்ற மூன்று சொற்களோடு முடியும் ஆய்வுகள் ஆண்டுதோறும் குவிகின்றன. ஏரிப்பாசனமும் நெல்வயலும் சூழ்ந்த ஓர் ஊரைக் கேட்டால் அது பாம்புக்கடியைப் பற்றிக் கேட்கக்கூடும். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்தார்கள் என்பது ஒரு விரிவான மதிப்பீடு. பெரும்பாலோர் கிராமத்து ஏழைகள். 2017இல் உலக சுகாதார நிறுவனம் இதைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 2024இல் தமிழக அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. விஷமுறிவு மருந்துக்கான நஞ்சை நாட்டுக்குப் பெருமளவு வழங்கிவந்திருப்பது செங்கல்பட்டு மாவட்டத்து வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். கடிபட்டவரை எவ்வளவு நேரத்தில் எங்கே கொண்டுசேர்க்க முடிகிறது, இரவில் எந்த மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து இருக்கிறது என்பவை ஊருக்கு உயிர்க்கேள்விகள். வெயிலில் நாள்முழுக்க நாற்று நடுவோரின் சிறுநீரகம் என்னவாகிறது என்பது மற்றொன்று. இவற்றுக்குப் பரிசு கிடைக்குமோ கிடைக்காதோ, விடை கிடைத்தால் உயிர் பிழைக்கும்.

மறுப்புகளையும் கவனிக்க வேண்டும். முதலாவது, அந்தரங்கம். இன்ன ஊரில் காசநோய் அதிகம், தொழுநோய் அதிகம் என்று பகிரங்கமாகச் சொன்னால் அந்த ஊர்ப் பெண்ணுக்கு வரன் தேடுவதே சிக்கலாகும். இது நியாயமான அச்சம். தனிமனிதர் முடிவைத் தனியாக அவரிடமும் பொதுமுடிவை ஊர்ப்பெயர் மறைத்துப் பொதுவிலும் சொல்லலாம். எதைப் பொதுவில் சொல்லலாம் என்று ஊராரையே முதலில் கேட்பது இன்னும் நல்லது. இரண்டாவது, முதிராத முடிவுகளைச் சொன்னால் மக்கள் குழம்புவார்கள் என்பது. விளைச்சலும் மழையும் சீட்டுக்கணக்குமாக நிச்சயமின்மையிலேயே வாழ்பவர்களுக்கு 'இப்போதைக்கு இவ்வளவுதான் தெரியும்' என்பது புரியாத வாக்கியமன்று. மூன்றாவது, நேரமின்மை. புறநோயாளிப் பிரிவின் கூட்டத்தையும் இரவுப் பணியையும் தாண்டி ஆய்வேடு எழுதும் மாணவரின் சுமையை நாம் அறிவோம். அதனால்தான் புதிய விழா வேண்டாம், இருக்கும் விழாவின் ஒரு நாளை இடம் மாற்றுங்கள் என்கிறோம். நான்காவது, மக்களுக்கு ஆர்வமில்லை என்பது. எந்த ஊரில் கணக்குக் காட்டிப் பார்த்துவிட்டு இதைச் சொல்கிறார்கள்?

செய்ய வேண்டியவை எளியவை. தமிழ்நாட்டில் 2022 முதல் ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் நடத்துவது என்று வகுத்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்றில், அந்த ஆண்டு அந்த ஊரில் ஆய்வு செய்தவர்கள் எழுந்து நின்று பத்து நிமிடம் தமிழில் பேச வேண்டும். எத்தனை பேரிடம் என்ன எடுத்தோம், எதைக் கண்டோம், எது தெரியாமலே போயிற்று, அதனால் நீங்கள் செய்யக்கூடியது என்ன, அரசு செய்ய வேண்டியது என்ன. ஒவ்வோர் ஆய்வுச் சுருக்கத்தோடும் ஒரு பக்கத் தமிழ்ச் சுருக்கம் இணைக்கப்பட வேண்டும். துணைச் சுகாதார நிலையத்தின் சுவரில் அது ஒட்டப்பட வேண்டும். அந்த ஒரு பக்கம் இல்லாத ஆய்வு பரிசுக்குத் தகுதியற்றது என்று ஆய்வரங்கு அறிவிக்க வேண்டும். கிராமத்தில் புதிய ஆய்வுக்கு அனுமதி கேட்டு வரும் துறையிடம், முந்தைய ஆய்வின் கணக்கு எங்கே என்று நெறிமுறைக் குழு கேட்க வேண்டும். காட்டாதவர் பெயர் குடத்தில் விழக் கூடாது.

நம் பங்குக்கு நாமும் ஒன்று செய்யலாம். சிற்றிதழ்களில் எழுதுபவர்களும் மொழிபெயர்ப்பவர்களும் தத்தம் ஊருக்கு அருகிலுள்ள மருத்துவக் கல்லூரியின் நெறிமுறைக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதலாம். ஒப்புதல் படிவங்களின் தமிழைச் செப்பம் செய்துதர ஆயத்தமாக இருக்கிறோம், ஊதியம் வேண்டாம் என்று. கவிதையில் ஒரு சொல்லுக்காக நாட்கணக்கில் காத்திருக்கத் தெரிந்தவர்களுக்கு, ஒரு மூதாட்டி கைநாட்டு வைக்கப்போகும் வரியைத் திருத்த ஒரு மாலைப்பொழுது பெரிதன்று.